முதலில் ரயில், பிறகு கார்

சோலைமலைக்கு யாரிடமும் ஒன்றைக் கேட்டு வாங்கிப் பழக்கமில்லை. வலப்பனைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் பிறந்தவர். அவருடைய தகப்பன் காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக்குப் போய் வரிசையில் நிற்கும்போது, துரையிடம் ஏதாவது கேட்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டுதான் போவார். தலைப்பாகையைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நிற்பார். கேட்காமலே வந்துவிடுவார். "தொரைக்கு இன்னைக்கு மொகம் சரியில்ல" என்பார் வீட்டில். துரைக்கு ஒரு நாளும் முகம் சரியாக இருந்ததில்லை.

இதைப் பார்த்து வளர்ந்த மகன் தனக்கென்று வேறொரு வழி வைத்துக்கொண்டார். வாயைத் திறப்பதில்லை. கையில் கொடுத்த வேலையைக் குறையில்லாமல் முடித்துக் காட்டுவது, அதைப் பார்த்துவிட்டு அவர்களாக ஏதாவது செய்தால் வாங்கிக்கொள்வது. அப்படித்தான் லிந்துலைப் பக்கத் தோட்டத்துக்கு இளவட்டமாக வந்து, கொழுந்தைத் தூளாக்குகிற தேயிலை ஸ்டோரில் எஞ்சினுக்கு எண்ணெய் விட ஆரம்பித்து, பார்த்துப் பார்த்தே வயர் வேலையைக் கற்று, கடைசியில் ஸ்டோருக்கும் பங்களாவுக்கும் கரண்டு வேலை என்றால் சோலைமலைதான் என்று ஆனார். அவர் மனைவி சண்முகவடிவு அதே ஸ்டோரில் தூள் பெட்டிகளுக்குள் தாள் விரிக்கிற வேலை செய்தாள். அவர் பேசாததையெல்லாம் சேர்த்து அவள் பேசுவாள். ஒரே மகள் நாகலெட்சுமி. அவளையும் அதே தோட்டத்துச் சின்னராசாவுக்குத்தான் கட்டிக்கொடுத்திருந்தார்கள். முதல் பிள்ளை அவர்கள் குடியிருந்த லயத்து அறையிலேயே பிறந்து, அழாமலே போய்விட்டது. இப்போது இரண்டாவது.

இது நடந்தது அறுபத்திரண்டில். நாகலெட்சுமிக்கு மாதம் நெருங்கிக்கொண்டிருந்த நேரத்தில்தான் பெரிய துரை சோலைமலையைப் பங்களாவுக்குக் கூப்பிட்டனுப்பினார்.

பங்களாவில் கணப்பு இருக்கிற அறையில் துரை ஒரு பெரிய மேசை போட்டு, அதன்மேல் ரயில் விட்டிருந்தார். சாக்கை நனைத்துச் சுண்ணாம்பு பூசி மலை. மலைமேல் பாசியை ஒட்டித் தேயிலைச் செடி. மலையைக் குடைந்து ஒரு சுரங்கம், இந்தப் பக்கம் ஒரு ஸ்டேஷன். ரயில் உள்ளங்கை நீளம்தான், ஆனால் உண்மை ரயில் மாதிரியே கரண்டில் ஓடும். ஸ்டேஷனில் தண்டவாளம் இரண்டாகப் பிரிந்து, கொஞ்ச தூரம் பக்கத்துப் பக்கத்தில் போய், மறுபடியும் ஒன்றாகச் சேரும். மேலே போகிற வண்டி ஒதுங்கி நின்றால் கீழே போகிற வண்டி தாண்டிப் போகலாம். அப்படிப் பிரிகிற இடத்திலும் சேர்கிற இடத்திலும் தண்டவாளத்தை இப்படியும் அப்படியும் தள்ளி விடுகிற அமைப்புக்குப் பாயிண்டு என்று பெயர். துரையின் பாயிண்டு இரண்டும் தேய்ந்துபோயிருந்தன. ரயில் அதில் ஏறும்போதெல்லாம் குப்புற விழுந்தது. முன்பென்றால் கொழும்புக் கடைக்கு ஆள் அனுப்பினால் வந்துவிடும். இப்போது விளையாட்டுச் சாமானெல்லாம் கப்பலில் வரக் கூடாது என்று அரசாங்கம் நிறுத்திவிட்டது.

"சோலைமலே, நீ இது செய்யுமா? மாசக் கடைசி எல்லாத் துரைமாரும் டீ குடிக்க வருது. அன்னிக்கு ரெண்டு ரயில் ஓடணும்."

"செஞ்சிரலாங்க."

அன்று மாலை சண்முகவடிவு அடுப்பை ஊதிக்கொண்டே சொன்னாள். "பேரப்புள்ளைக்குத் தொட்டில் கட்டுற நேரத்துல, தொரைக்கு ரயிலு கட்டுறீங்களாக்கும்."

"தொட்டில் ஒரு கயிறுல ஆயிரும் வடிவு."

"ஆமா. அதுவும் நாந்தான் கட்டணும்."

உண்மையான பாயிண்டைக் கிட்டத்தில் பார்த்தால்தான் சரிவரும் என்று, ஒரு ஞாயிற்றுக்கிழமை றொசல்லைக்கு ரயிலேறிப் போனார். அக்காளைப் பார்க்கிற சாக்கு. ஸ்டேஷன் கோடியில் குந்தி உட்கார்ந்து, தண்டவாளம் நகர்கிறதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பாயிண்டு தள்ளுகிற சிங்கள ஆள் கொடியோடு வந்து, என்ன பார்க்கிறாய் என்று கேட்டான்.

"மொகத பலன்னே?"

"நிகங், மாத்தயா" என்றார் சோலைமலை. சும்மாதான் பார்க்கிறேன் என்று.

சும்மா தண்டவாளத்தைப் பார்க்கிறவனை அவன் அதுவரை பார்த்ததில்லை போலிருக்கிறது. கை காட்டித் துரத்தினான். ஆனால் சோலைமலைக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. நகர்கிற தண்டவாளத்தின் நுனி கத்தி போல மெலிந்திருக்க வேண்டும். மற்றதோடு போய் ஒட்டும்போது நடுவே ஒரு நூல் இடைவெளிகூட இருக்கக் கூடாது. இருந்தால் சக்கரம் அங்கேதான் ஏறும்.

துரையிடம் மிச்சமிருந்த தண்டவாளத் துண்டுகளை அரத்தால் ராவி ராவி நுனியைக் கத்தியாக்கினார். உடைந்த தேயிலைப் பெட்டிப் பலகையைக் கீறிக் கட்டைகள் போட்டார். ஒவ்வொரு கட்டையிலும் சோல்டர் வைத்துத் தண்டவாளத்தை உட்கார்த்தினார். பாயிண்டைத் தள்ளுவதற்குக் கம்பிச் சுருள் வேண்டும் என்றபோது துரை தானே எழுந்து போய், பங்களா விறாந்தையில் ஆட்களைக் கூப்பிடுகிற மின்மணியைக் கழற்றிக்கொண்டு வந்தார். உள்ளே இரண்டு சுருள்கள் இருந்தன.

"இனி நான் அப்புவே வாயாலே கூப்பிடும்" என்றார். பங்களாவில் சமைக்கிற அப்புவுக்கு அது பிடிக்கவில்லை. மணி என்றால் கேட்காதமாதிரி இருந்துவிடலாம்.

சுருளுக்குப் பொத்தானை ஒரு தட்டுத்தான் தட்ட வேண்டும். டக்கென்று பாயிண்டு மாறும். பொத்தானிலேயே விரலை வைத்திருந்தால் சுருள் புகைந்துவிடும். அதையெல்லாம் அவர் சரியாக வைத்துவிட்டார். தொல்லை கொடுத்தது வேறோர் இடம். பாயிண்டின் நடுவில் இடது தண்டவாளமும் வலது தண்டவாளமும் குறுக்காகச் சந்திக்கிற ஒரு முனை உண்டு. இடதில் ஓடுவது ஒரு கரண்டு, வலதில் ஓடுவது அதற்கு எதிர்க்கரண்டு. இரண்டும் தொட்டுக்கொண்டால் கரண்டுப் பெட்டி சூடேறி ரயில் நின்றுபோகும். அதனால் முனையில் மெல்லிசாக ஒரு வெட்டு வெட்டி, நடுவே கரண்டு கடக்காத எதையாவது செருக வேண்டும்.

முதலில் மட்டைத் தாளைச் செருகினார். பனி வந்து ஒரு இரவு கிடந்தது. மறுநாள் மட்டை ஊறிப் பெருத்து, தண்டவாளத்தை மேலே தூக்கியிருந்தது. ரயில் அதில் தவளை மாதிரி குதித்தது. ஈரம் ஏறாத தாளுக்கு எங்கே போவது? தேயிலைத் தூளை ஈரத்திலிருந்து காக்கவென்றே பெட்டிக்குள் ஒரு தாள் விரிக்கிறார்களே, அதைவிடவா? ஸ்டோர் வாசலில் வெட்டிப் போட்டிருந்த துண்டு ஒன்றை எடுத்தார். முன்பெல்லாம் ஒரு பக்கம் பளபளவென்று ஈயத்தாளாக இருக்கும். இது புதிதாக வந்த தினுசு. இரண்டு பக்கமும் பழுப்புத் தாள்தான். நறுக்கி, வச்சிரப் பசை தடவி, இரண்டு பாயிண்டிலும் செருகினார். பேட்டரியில் கோத்த பல்பு ஒன்றை வைத்துப் பார்த்தார். எரியவில்லை. தண்டவாளம் இரண்டும் தொடவில்லை என்று அர்த்தம். ரயிலும் வழுக்கிக்கொண்டு போனது.

அந்த வாரம்தான் மருந்தையா நாகலெட்சுமியின் வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சோலைமலையைத் தனியாகக் கூப்பிட்டார். தோட்டத்து மருந்துக்கெல்லாம் பொறுப்பு அவர்தான்.

"புள்ள குறுக்க கெடக்கு, சோலைமல. லயத்துல வச்சுப் பாக்குற வேல இல்ல இது. வலி கண்டதும் நுவரெலியாவுக்குக் கொண்டு போயிரணும்."

"லொறியில கொண்டு போலாங்களா?"

"அந்த ரோட்டுல லொறி குதிக்கிற குதிக்கு, போய்ச் சேர்றதுக்குள்ள என்னமாவது ஆயிரும். கார்ல படுக்க வச்சுக் கொண்டு போகணும்."

தோட்டத்தில் கார் ஒன்றுதான். துரையின் கார்.

வாழ்நாளில் முதல் தடவையாகச் சோலைமலை ஒன்றைக் கேட்டார். கேட்டார் என்றுகூடச் சொல்ல முடியாது. துரை ஒரு கண்ணில் பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு பாயிண்டின் நுனியைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, தரையைப் பார்த்துக்கொண்டே, "மகளுக்கு மாசமுங்க. மருந்தையா கார்ல கொண்டு போகச் சொல்றாருங்க" என்றார்.

துரை கண்ணாடியை எடுக்கவில்லை. "மொதல்லே என் ரயில் போகட்டும், சோலைமலே. அப்புறம் உன் மகள் போகட்டும்" என்று சொல்லிச் சிரித்தார்.

சோலைமலை சிரிக்கவில்லை. துரை வாயில் வந்தால் அது உத்தரவு. வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னார். "ரயிலு நல்லபடியா ஓடிருச்சுன்னா காரு கெடைக்கும்."

"ஓடலன்னா?"

"ஓடும்."

துரைமார் டீ குடிக்க வருகிற சனிக்கிழமை வந்தது. காலையில் நாகலெட்சுமி எழுந்து முற்றம் பெருக்கினாள். முகம் தெளிவாகத்தான் இருந்தது. சோலைமலை துவைத்த சட்டையைப் போட்டுக்கொண்டு பங்களாவுக்கு ஏறினார். ஒரு வண்டியை விட்டார். இன்னொன்றை ஒதுக்கி நிறுத்தினார். டக், டக் என்று பாயிண்டுகள் மாறின. இரண்டு வண்டியும் ஒன்றையொன்று தாண்டிப் போயின. துரை வந்து பார்த்துவிட்டு, கைகளைத் தேய்த்துக்கொண்டு போனார்.

மத்தியானத்துக்கு மேல் மழையும் பனியும் சேர்ந்து இறங்கியது. அப்பு கணப்பில் கட்டையை அடுக்கித் தீ மூட்டினான். அறை கதகதவென்றானது. முற்றத்தில் கார்கள் ஒவ்வொன்றாக வந்து நின்றன. பக்கத்து அறையில் பீங்கான் சத்தமும் துரைச்சானிமாரின் சிரிப்பும் கேட்டன. கடைசியாக ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று சோலைமலை வண்டியை விட்டார். சுரங்கத்தைத் தாண்டி, வளைந்து, முதல் பாயிண்டுக்கு வந்தது. நின்றது.

கரண்டுப் பெட்டி உறுமியது. சூடான வார்னிஷ் வாடை மூக்கில் ஏறியது. சட்டென்று அணைத்துவிட்டு, பேட்டரிப் பல்பை எடுத்து இரண்டு தண்டவாளத்திலும் கம்பியை வைத்தார். பல்பு எரிந்தது.

எங்கோ தொடுகிறது. ஆனால் காலையில் தொடவில்லையே. மேசைக்கு அடியில் போய் ஒவ்வொரு வயராக இழுத்துப் பார்த்தார். எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. புழுக்கமாக இருந்ததால் ஜன்னலைத் திறந்தார். பனிக்காற்று குப்பென்று வந்து முகத்தில் அடித்தது. கொஞ்ச நேரம் கழித்துப் பல்பை வைத்தார். எரியவில்லை. அப்பு ஓடி வந்து, "தொரச்சானிக்குக் குளிரும், என்னா வேல பண்றீங்க?" என்று ஜன்னலைச் சாத்தினான். திரும்பவும் பல்பு எரிந்தது. தான் கட்டிய ஒன்று தன்னை இப்படி ஏமாற்றி அவர் பார்த்ததில்லை.

துரை கையில் கோப்பையோடு எட்டிப் பார்த்தார். "எல்லாம் சரியா?"

"ஒரு சின்னத் தகராறுங்க."

"டீ முடிஞ்சு நாங்க வரும். ரயில் ஓடணும், சோலைமலே." இந்தத் தடவை துரை சிரிக்கவில்லை.

முதல் பாயிண்டின் முனையைக் கிளறி, செருகியிருந்த தாளைக் குறடால் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தபோது, குசினிப் பக்கத்துக் கதவில் நிழல் தட்டியது. சண்முகவடிவு. மழைக்குத் தலையில் போட்ட கொங்காணி முழுக்க நனைந்து, மூச்சு வாங்க நின்றாள். பங்களாவுக்குள் அவள் காலடி வைத்ததே இல்லை.

"நாகுவுக்கு வலி வந்துருச்சு."

"எப்ப?"

"நீங்க ஏறி வந்த கொஞ்சத்துலயே. சொல்லாம கெடந்துருக்கா. இப்ப பனிக்கொடம் ஒடஞ்சுருச்சு. மருத்துவச்சி காளியாயி தொட்டுப் பாத்துட்டு, நம்ம கையில ஒண்ணுமில்ல, கொண்டு போங்கன்னு சொல்லிருச்சு. மாப்பிள்ளையும் ரெண்டு பயலுகளும் கம்பிளியில தூக்கிக்கிட்டு ரோட்டுக்கு வர்றாங்க. காரக் கேளுங்க."

சோலைமலை குறடோடு நின்றார். உதடு அசைந்தது.

"என்னங்க?"

"இது ஓடல, வடிவு."

"எது?"

"ரயிலு."

அவள் அவரைப் பார்த்த பார்வையில் மனிதன் பாதியாகிப் போனார். குரலைத் தாழ்த்தித்தான் பேசினாள். ஆனால் ஒவ்வொரு சொல்லும் பல்லுக்கு நடுவிலிருந்து வந்தது. "அங்க நம்ம புள்ள கம்பிளியில தொங்கிக்கிட்டு வர்றா. நீங்க வெளாட்டுச் சாமானக் கையில வச்சுக்கிட்டு ஓடலங்கிறீங்க."

"மொதல்ல ரயிலு ஓடணும்னுல்ல தொர சொன்னாரு. ஓடாத ரயில வச்சுக்கிட்டு எப்புடி நான் போயி முன்னால நிக்கிறது? இல்லன்னுட்டார்னா? ஒரு வாட்டி இல்லன்னுட்டா அப்பறம் யார்ட்ட போறது?"

"நான் போயிக் கேக்குறேன்."

"வேணாம் வடிவு, கெடுத்துறாத. இந்தா, இத எடுத்துட்டேன். இன்னும் செத்த நேரம்."

அவர் குறடை இறுக்கிப் பிடித்தார். இழுத்த தாள் பாதியில் கிழிந்து மேசையில் விழுந்தது. சண்முகவடிவின் கண் அதன்மேல் போனது. குனிந்து எடுத்தாள். விரல் நுனியில் வைத்து நசுக்கினாள். மொறுமொறு என்று ஒரு சத்தம்.

"இது எங்க வேல தாளுல்ல. இத எதுக்கு இதுக்குள்ள வச்சீங்க?"

"தண்ணி ஏறாதுன்னுதான்."

"தண்ணி ஏறாது. ஏன் ஏறாது? உள்ள ஈயத்தாள் இருக்கு, அதனால ஏறாது. புதுசா வந்ததுல ரெண்டு தாளுக்கு நடுவுல வச்சு ஒட்டிருக்கான்." நகத்தால் கீறிப் பிரித்தாள். பழுப்புத் தோல் உரிந்து, உள்ளே பளபளவென்று ஒரு மெல்லிய ஈயத்தாள் கண்ணைச் சிமிட்டியது. "பெட்டிக்கு விரிக்கிற எல்லாருக்கும் தெரியும். கைய அறுத்துப் போடும்."

சோலைமலை அந்தத் துண்டையே பார்த்தார். கரண்டு கடக்கக் கூடாது என்று அடைத்த இடத்தில், தன் கையாலேயே பாலம் போட்டு வைத்திருக்கிறார். காலைக் குளிரில் தண்டவாளம் சுருங்கி இருந்தது, தாளின் தோல் காத்தது. கணப்புச் சூட்டில் தண்டவாளம் நீண்டு தாளை நெரித்தது. ராவிய முனையின் பிசிறு இரண்டு பக்கமும் தோலைக் குத்தி உள்ளே இருந்த ஈயத்தைத் தொட்டது. அவ்வளவுதான். தன்னைத் திட்டிக்கொள்ள அவருக்கு நேரமில்லை. சட்டைப் பையிலிருந்து நெருப்புப் பெட்டியை எடுத்தார். ஒரு குச்சியைக் கத்தியால் சிம்பாகச் சீவி, வெட்டில் செருகி, மேலே நீட்டிக்கொண்டிருந்ததை நறுக்கினார். பல்பு வைத்தார். எரியவில்லை. கணப்புப் பக்கம் திரும்பிப் பார்த்தார், தீ நன்றாகவே எரிந்துகொண்டிருந்தது.

இரண்டாவது பாயிண்டிலும் அதே தாள்தான் கிடந்தது, அங்கே இன்னும் தோல் கிழியவில்லை, அவ்வளவுதான். பக்கத்து அறையில் நாற்காலிகள் இழுபடுகிற சத்தம் கேட்டது. அதைச் செய்ய இனி நேரமில்லை. ஒதுங்குகிற பாதையின் அந்தக் கோடிக்குப் போகிற வயர்களை வெட்டிவிட்டு, பாயிண்டை நேர்வழியிலேயே அசையாமல் கம்பியால் கட்டினார். வண்டி ஒதுங்கப் போனால், போன வழியாகவே பின்னால் வர வேண்டும். வரட்டும்.

நிமிர்ந்தபோது சண்முகவடிவு அங்கே இல்லை.

துரைமார் வந்துவிட்டார்கள். அறை நிறையச் சுருட்டு வாசம். துரை பொத்தானைத் தட்டினார். டக். சாமான் வண்டி ஒதுங்கி நின்றது. மெயில் வண்டி சுரங்கத்துக்குள் நுழைந்து, வெளியே வந்து, ஒதுங்கிய வண்டியின் பக்கத்தில் வழுக்கிக்கொண்டு போனது. ஒரு துரைச்சானி கை தட்டினாள். துரையின் காது மடல் வரை சிவந்தது, மகிழ்ச்சியில். இங்கிலீஷில் என்னென்னவோ சொல்லிக்கொண்டே போனார். ஒருவர் கேட்டார், துரை சொன்னார். இன்னொருவர் சொன்னார், எல்லோரும் சிரித்தார்கள். சோலைமலை சுவரோரமாகத் தலைப்பாகையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். ரயில் ஓடிவிட்டது. இனிக் கேட்கலாம். ஆனால் பேச்சில் ஒரு இடைவெளி விழ வேண்டுமே. வண்டி இன்னொரு சுற்று வந்தது. இன்னொரு சுற்று. ஜன்னலுக்கு வெளியே, மழையில், கார் ஷெட்டு வாசலில் சண்முகவடிவு டிரைவர் இஸ்ஸதீனிடம் கையை ஆட்டிப் பேசிக்கொண்டிருப்பது தெரிந்தது. இஸ்ஸதீன் பங்களாவைக் காட்டித் தலையை ஆட்டினார். துரை சொல்லாமல் எப்படி எடுப்பது என்கிறார் போல.

அப்போது அவருக்குத் தகப்பனின் கக்கத்தில் இடுக்கிய தலைப்பாகை ஞாபகம் வந்தது.

சோலைமலை சுவரைவிட்டு நகர்ந்தார். துரைமாருக்கு நடுவே கையை நீட்டி, கரண்டுப் பெட்டியை அணைத்தார்.

மெயில் வண்டி சுரங்க வாயில் நின்றது. பேச்சும் நின்றது. எல்லா முகமும் அவர் பக்கம் திரும்பியது.

"ஐயா" என்றார். ஒரு அடி முன்னால் வைத்தார். "ஐயா, எனக்குக் காரு வேணுங்க. மகளுக்கு வலி வந்துருச்சு."

துரையின் முகம் வேறு மாதிரிச் சிவந்திருந்தது. அது மெல்ல மெல்ல வடிந்தது. "எப்போ வந்தது?"

"மத்தியானத்துக்கு முந்தியேங்க."

"நீ இவ்வளவு நேரம் இங்கே இருந்தது. ஏன் சொல்லல்லே?"

"மொதல்ல ரயிலு போகட்டும்னு ஐயா சொன்னீங்க."

துரை மேசையைச் சுற்றிக்கொண்டு அவர் பக்கம் வந்தார். "அது நான் சிரிப்புக்குச் சொன்னது, மேன்."

துரை விறாந்தைக்கு ஓடி, "இஸ்ஸதீன்" என்று போட்ட சத்தம் ஸ்டோர் வரைக்கும் கேட்டிருக்கும்.

ரோட்டு முனையில் சின்னராசாவும் பயல்களும் கம்பளியோடு நின்றார்கள். நாகலெட்சுமியைப் பின் சீட்டில் படுக்கவைத்து, தலையைச் சண்முகவடிவு மடியில் வாங்கிக்கொண்டாள். சின்னராசா கால் மாட்டில் குறுகி உட்கார்ந்தான். சோலைமலை முன்னால் ஏறினார். பனி கார் கண்ணாடியில் வெள்ளைத் துணி கட்டியதுபோல நின்றது.

"நானா, கொஞ்சம் வெரசா" என்றார் இஸ்ஸதீனை, அண்ணன் முறை சொல்லி.

"வெரசாப் போனா பள்ளத்துல போட்டுருவேன். மெல்லப் போனா உங்க பொஞ்சாதி என்னய அடிச்சே போட்டுரும். நடுவுல போறேன், பேசாம இருங்க" என்றார் இஸ்ஸதீன். கண்ணை ரோட்டிலிருந்து எடுக்கவில்லை. பின்னால் நாகலெட்சுமி பல்லைக் கடித்துக்கொண்டு முனகினாள். ஒவ்வொரு குலுக்கலுக்கும் அந்த முனகல் ஏறி இறங்கியது.

ரயில் பாதை ரோட்டைக் கடக்கிற இடத்தில் கேட்டு மூடியிருந்தது.

எங்கோ பனிக்குள் எஞ்சின் மூச்சு வாங்கிக்கொண்டு ஏறி வருகிற சத்தம் மட்டும். வருகிறது, வருகிறது, வந்தபாடில்லை. சோலைமலை கேட்டுக் கம்பியையே வெறித்தார். பங்களாவில் மேசைக்கடியில் போன நேரமெல்லாம் இப்போது திரும்பி வந்து அவர் நெஞ்சில் உட்கார்ந்தது. அந்த நேரம் கையில் இருந்திருந்தால் இந்த ரயிலுக்கு முன்னாலேயே தாண்டியிருக்கலாம்.

"தொர சிரிப்புக்குச் சொன்னாராம்" என்றார், யாருக்கென்று இல்லாமல்.

"அவருக்குச் சிரிப்பு" என்றாள் சண்முகவடிவு பின்னாலிருந்து. "உங்களுக்கு எங்க போச்சு புத்தி?"

"ஏசாதீங்க தங்கச்சி" என்றார் இஸ்ஸதீன். "நானுந்தான் காரத் தொடமாட்டேன்னு நின்டேன். கேட்டா தந்துருப்பாருன்னு இப்ப தெரியுது. கேக்காத வரைக்கும் யாருக்குத் தெரியும்?"

பெட்டி பெட்டியாக ரயில் கடந்தது. கேட்டு எழும்பியது. அதற்குள் இஸ்ஸதீன் காரை நகர்த்திவிட்டார்.

நுவரெலியா ஆஸ்பத்திரியில் தள்ளுவண்டியில் வைத்து உள்ளே கொண்டு போனார்கள். கதவு சாத்தியது. சின்னராசா சுவரில் நெற்றியை முட்டுக் கொடுத்து நின்றான். சோலைமலை வாங்குப் பலகையில் உட்கார்ந்து, விரலில் ஒட்டிக் காய்ந்திருந்த வச்சிரத்தை உரித்துக்கொண்டே இருந்தார். எல்லாம் உரிந்த பிறகும் உரித்தார். ஒரு நர்ஸ் வந்தாள், அவர்களைப் பார்க்காமலே போனாள். இன்னொருத்தி வந்து சிங்களத்தில் ஏதோ கேட்டாள், சின்னராசா தலையை ஆட்டினான். பின்னர்தான் அந்தச் சத்தம் கேட்டது. பூனைக்குட்டி மிதிபட்டதுபோல. முதல் பிள்ளை போடாத சத்தம்.

சண்முகவடிவு வெளியே வந்தாள். சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"வயித்த அறுத்துத்தான் எடுத்தாங்க. நாகு நல்லாருக்கா. பொம்பளப் புள்ள."

சோலைமலை எழுந்தார்.

"உங்க மாதிரி இல்ல. வந்ததும் வராததுமா வாயத் தொறந்துக்கிட்டுக் கெடக்கு" என்றாள்.

உள்ளே போய்ப் பார்த்தார். துணிச் சுருளுக்குள் சிவந்த முகம். கத்திக் கத்தி நெற்றி நரம்பு புடைத்திருந்தது. அவர் விரலை நீட்டினார். அது பிடித்துக்கொண்டது. சோல்டர் சுட்ட தழும்புள்ள விரல். எத்தனையோ கம்பியைப் பிடித்த விரல். அதை ஒரு பிள்ளை பிடித்ததும் அவருக்குக் கால் தரையில் பாவவில்லை. பின்னால் காத்து நின்ற சின்னராசா, "மாமா, நானும் பாக்கணும்" என்று சொல்ல வேண்டியதாகிவிட்டது.

மகளையும் பேத்தியையும் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்புகிற நாளுக்கு முந்தின நாள், பங்களாவுக்கு வரச் சொல்லித் துரை ஆளனுப்பினார். இரண்டாவது பாயிண்டு இன்னும் கம்பி கட்டியபடியே கிடந்தது. சோலைமலை போனார். படிக்குக் கீழே நின்றார். தலைப்பாகை தலையிலேயே இருந்தது. அவர் அதை மறந்துபோயிருந்தார்.

"சோலைமலே, அந்த மத்தப் பாயிண்ட் எப்போ முடியும்?"

"செய்யலாங்க ஐயா. அதுக்கு முந்தி ஒண்ணு." மூச்சை இழுத்துக்கொண்டார். "நாளைக்கு மகளையும் பேத்தியையும் கூட்டியாறதுக்குக் காரு வேணுங்க. கூட்டியாந்துட்டு வந்து பாயிண்டு வேலயப் பாக்குறேன்."

துரை சரி என்று தலையை ஆட்டினார். பிறகு டிரைவரைக் கூப்பிடப் பழைய வழக்கத்தில் விறாந்தைச் சுவரில் இருந்த மணிப் பொத்தானை அழுத்தினார். சத்தமில்லை. இன்னொரு தடவை அழுத்தினார்.

"அது ரயில்ல இருக்குங்க" என்றார் சோலைமலை. "நானே போயி இஸ்ஸதீன் நானாகிட்ட சொல்லிக்கிறேன், ஐயா சொன்னீங்கன்னு."